சேவல் சுற்றாத கல்யாணம்

அன்பு மகள் காவ் நூவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் லெங்கும் அண்ணி மாயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அறுப்பு முடிந்து புது அரிசிச் சோறு சாப்பிடுகிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், கடிதம் என்றால் அப்படித்தானே. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்க வெட்கமாக இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லித் தொலையுங்களேன் என்றாள் அம்மா. போனில் உன் முகம் தெரியும். நீ அழுதால் நான் பேச்சை மாற்றி மழையைப் பற்றியும் முட்டைக்கோஸ் புழுவைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

முதலில் வீட்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். லெங்கின் லிச்சி மரங்கள் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டன, இஞ்சி பரவாயில்லை. மாய்க்குப் பல்வலி, மலையிறங்கித் தோங் பஜாருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, வீடே அமைதியாக இருந்தது என்று நான் சொன்னதற்கு இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள். லெங் பிடிவாதம் பிடித்து வீடு முழுக்கச் சிமெண்டுத் தரை போட்டுவிட்டான். எங்கள் கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒரு முறம் அளவு இடத்தை மண்ணாகவே விடச் சொன்னேன். கொத்தனார் கீழே சமவெளியிலிருந்து வந்த ஆள், “இது எதுக்குப் பெரியவரே, எலி வளை போடுறதுக்கா?” என்று கேட்டான். போட்டால் போடட்டும், நீ உன் வேலையைப் பார் என்றேன். நீ பிறந்த அன்று உன் நஞ்சுக்கொடியை என் கையால் புதைத்த இடம் அது. அதன்மேல் சிமெண்டு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நான் செய்த தப்புக்கு இந்த மண்ணைத்தான் சாக்காகச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஹாலந்திலிருந்து போன் செய்து, அப்பா, நானும் சாண்டரும் நகரசபை ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம் என்று சொன்னாய். நான் போனை அம்மா கையில் திணித்துவிட்டுப் பன்றிக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டேன். ஏற்கெனவே தீவனம் வைத்த பன்றிக்கு. உன்மேல் கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து கறுப்புக் குடையோடு தூது ஆட்கள் வரவில்லை, இரண்டு நாள் உட்கார்ந்து வாதாடிக் குடித்து என் பெண்ணின் பெருமையை நான் பேச ஆள் இல்லை, எல்லாவற்றையும்விட, நீ அவர்கள் வீட்டு வாசலை மிதித்தபோது அந்த வீட்டுப் பெரியவர் யாரும் உன் தலைக்கு மேல் சேவல் சுற்றவில்லை. அந்தச் சேவல் சுற்றினால்தானே பெண் அந்த வீட்டுத் தெய்வங்களுக்குப் பிள்ளையாவாள், பிறந்த வீட்டுத் தெய்வங்கள் தங்கள் கையை எடுத்துக்கொள்ளும். சுற்றவில்லை என்றால் கல்யாணமே இல்லை. இந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் யார் கேட்டாலும் படிக்கிறாள், இன்னும் முடியவில்லை என்றேன். அந்தப் படிப்பு என்ன ஏழு கடல் ஆழமா என்று கேட்டவர்களும் உண்டு. சாண்டர் என்ற பெயரை இந்த இரண்டு வருஷத்தில் நான் வாயால் சொன்னதே இல்லை. அம்மா சொல்லும்போதெல்லாம் எழுந்து போய்விடுவேன். அது தப்பு. பெரிய தப்பு அதற்குப் பிறகுதான்.

சோளம் விதைக்கும் முன்னால், நீ உண்டாகியிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மா சந்தோஷத்தில் ஊறவைத்த அரிசியை அப்படியே மறந்துவிட்டாள். எனக்குப் பயம் வந்தது. ஒரு குழந்தை அங்கே பிறந்துவிட்டால் நீ இனி வரவே மாட்டாய், கையெழுத்தை அழித்துவிடலாம், குழந்தையை எப்படி அழிப்பது என்று என் புத்தி ஓடியது. பெற்ற மகள் பிள்ளை பெறப்போகிறாள் என்று கேட்டு ஒரு அப்பன் நினைக்கிற நினைப்பா இது. எழுதும்போதே கை கூசுகிறது. அடுத்த வாரமே ப்லியா அக்காவிடம் போனேன். அவளை உனக்கு நினைவிருக்கும், உனக்கு ஏழு வயதில் ஓடையில் விழுந்து பயந்து, பத்து நாள் சாப்பிடாமல் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, அப்போது உன் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய் உன் உயிரைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தவள் அவள்தான். அன்று சாயங்காலம் நீ இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாய். நம் குலத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், இன்றைக்கும் என்னை டேய் என்றுதான் கூப்பிடுவாள். தூரதேசத்தில் படிக்கிற பெண், கெட்ட கனவு வருகிறதாம், உயிர் எங்கோ வழியில் அலைகிறது போலிருக்கிறது, வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடு அக்கா என்றேன். கெட்ட கனவு வந்தது எனக்கு, உனக்கு இல்லை.

அக்கா நம் வீட்டுக்கு வந்து நீளப் பெஞ்சைப் போட்டு, கறுப்புத் துணியைத் தலைக்கு எடுப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டாள், “டேய், பொண்ணை யாருக்காவது கொடுத்தாச்சா?” இல்லை என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லு. கொடுத்த பொண்ணுன்னா அந்த வீட்டு வாசல்ல நின்னுதான் கூப்பிடணும். இங்கே கூப்பிடக் கூடாது.” யார் தலையில் யார் சேவல் சுற்றினார்கள், அவளுடைய நஞ்சுக்கொடி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அவள் இந்த வீட்டுப் பெண் என்றேன். பின்கட்டில் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து மறுபடி பிடுங்க ஆரம்பித்தாள். அவளை நீ ஒன்றும் சொல்லாதே, அந்தப் பார்வை அப்படிப்பட்ட பார்வை, அதற்கும் நான்தான் பொறுப்பு.

அக்கா முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் ஏறினாள், அந்தப் பெஞ்சுதானே அவள் குதிரை, அது கிளம்பிவிட்டது. லெங் சேகண்டியைத் தட்டினான். வெகுநேரம் போனாள், மலை தாண்டினாள், தண்ணீர் தாண்டினாள், அவள் குரல் யார் யாரோ குரலாக மாறியது. கடைசியில் குதிரையை நிறுத்தி, “வந்துட்டா. வாசல்ல நிக்கிறா. எந்த வீடுன்னு கேக்குறா” என்றாள். வாசற்படியில் உன் சட்டை ஒரு முறத்தில் இருந்தது, அம்மா பூத்தையல் போட்டுக் கொடுத்தாளே அந்தச் சட்டை, பக்கத்தில் அரிசியும் ஒரு முட்டையும் ஊதுபத்தியும். எந்த வீடு என்று நீ கேட்டாய் பார், அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒரு பெண் தன் வீடு எது என்று தெரியாமல் கேட்கிறாள் என்றால் அவளுக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்றுதானே அர்த்தம். நான் சத்தமாகச் சொன்னேன், இதுதான் உன் வீடு, உள்ளே வா, இனி எங்கேயும் போகாதே. போகாதே என்று சொல்லச் சொல்லி அக்கா சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. குறி கேட்கிற கொம்புத் துண்டுகளைத் தரையில் போட்டாள், விழவேண்டிய விதமாக முதல் தடவையிலேயே விழுந்தன. கோழிக் காலை வேகவைத்துச் சகுனம் பார்த்தாள், விரல்கள் அழகாக மடங்கியிருந்தன. உன் சட்டையின் இரண்டு கைகளிலும் வெள்ளை நூல் கட்டினோம். சட்டையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை என் கட்டிலுக்கு அடியில், அந்த மண்ணின்மேலேயே வைத்தேன்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன் காவ் நூ. மழைக்காலம் முழுக்க வீட்டில் நீ இருப்பது போலவே இருந்தது. உன் கிழட்டுப் பூனை அந்தப் பெட்டிமேல் ஏறிப் படுத்தது, ஒருநாளும் அங்கே படுக்காத பூனை. அம்மா சாப்பாடு வைக்கும்போது ஐந்தாவது கரண்டி வைத்துவிட்டு, அடச்சீ என்று எடுத்து வைப்பாள். நான் வயலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே யாரோ உள்ளே என் சத்தத்துக்குக் காது கொடுப்பது போல இருக்கும். பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன், லெங்குக்கு என்னைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. நீ அங்கே பிள்ளை பெற்றாய், நோரா என்று பெயர் வைத்தாய், போட்டோவில் குழந்தையைப் பார்த்தேன், மூக்கு நம் மூக்கு. உனக்கு முப்பது நாள் பத்தியக் கோழி யார் வேகவைத்துக் கொடுத்தார்கள், பச்சிலை போட்டார்களா, வெந்நீர் கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நீ இங்கேதானே இருக்கிறாய் என்ற நினைப்பில் இருந்தேன்.

நெல் பழுக்கும் சமயம் நீ பேசினாயே அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மாதான் போனைப் பிடித்திருந்தாள், நான் முகம் காட்டாமல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. “தூக்கமே இல்லம்மா. சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரி இல்ல. குழந்தையைத் தூக்கிக் கையில கொடுக்கிறாங்க, வாங்கிக்கிறேன், ஆனா வேற யாரோ வாங்கிக்கிற மாதிரி இருக்கு. நான் இங்க இல்லவே இல்லம்மா” என்றாய். சொல்லும்போது நீ அழக்கூட இல்லை. பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். ஏழு வயதில் அதே மாதிரிதான் சுவரைப் பார்த்தாய். அப்போது எனக்குள் ஓடியது இதுதான். நான் இங்கே இல்லை என்று அவள் சொல்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், என் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் இருக்கிறாள். அம்மா போனை வைத்தாள். நேரே போய் அந்தப் பூனையைப் பெட்டியிலிருந்து தூக்கி வெளியே போட்டாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகும் நான் எட்டு நாள் தள்ளிப்போட்டேன். அறுப்பு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு நாள் நீ அங்கே எப்படிக் கழித்தாயோ, அந்த எட்டு நாளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்பதாம் நாள் காலை ப்லியா அக்காவைத் தேடிப் போனேன். முட்டைக்கோஸ் பாத்தியில் கத்தியோடு குனிந்திருந்தாள். கொடுத்த பெண்ணைக் கொடுக்கவில்லை என்று சொன்னேன் அக்கா என்றேன். அவள் நிமிரவே இல்லை, ஒரு கோஸை அறுத்துக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள், “ஏண்டா, பொய்யைச் சொல்லி என் குதிரையை அவ்வளவு தூரம் ஓட வெச்சியா? சோளம் விதைச்சதிலேர்ந்து முட்டி மடங்க மாட்டேங்குது, வயசாயிடுச்சுன்னு தைலம் தேச்சுக்கிட்டுக் கிடக்கேன், எல்லாம் உன் வேலைதானா?” பிறகு பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னாள். “அடுத்தவன் வீட்டுப் பொண்ணோட உயிரைத் திருடிக் கொண்டாந்து வெச்சிருக்கோம்டா நாம ரெண்டு பேரும். அதுவும் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு.” என் பெண்ணை நான் எப்படித் திருட முடியும் என்று எனக்குக் கோபம் வந்தது, அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது பார். கொடுத்தப்புறம் யார் பெண் என்றாள். நான் எங்கே கொடுத்தேன் என்றேன். அதற்கு அவள், “அதாண்டா வியாதி. நீ கொடுக்கல, அவங்க வாங்கல. நடுவுல அது நிக்குது, போறதுக்கு வீடு இல்லாம. வாசல்ல வந்து எந்த வீடுன்னு கேட்டுச்சே, எனக்கு அன்னைக்கே உறைச்சிருக்கணும்” என்றாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையில் மண் இருந்ததால் முகமெல்லாம் மண். திருப்பி அனுப்பிவிடு அக்கா என்றேன். “நான் அனுப்பினா போகாது. நீதான் போகாதேன்னு சொன்னே. நீயே கொடு. ஊரைக் கூப்பிட்டு, உன் வாயால சொல்லிக் கொடு.”

அப்படித்தான் போன புதன்கிழமை உனக்குக் கல்யாணம் நடந்தது. சிரிக்காதே. சிரித்தால்கூட நல்லதுதான், நீ சிரித்து வெகுநாளாயிற்றாம். நம் குலத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நடுவில் நின்று, என் மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வாழப் போய்விட்டாள், நான் உங்களிடமெல்லாம் பொய் சொன்னேன் என்றேன்.  முதலில் ஸெங் சித்தப்பாதான், “அப்ப அந்தப் படிப்பு?” என்று கேட்டார். படித்ததும் உண்டு, கட்டிக்கொண்டதும் உண்டு என்றேன். “மாப்பிள்ளை எந்தக் குலம்?” குலம் கிடையாது சித்தப்பா, ஹாலந்துக்காரன். “குலமே இல்லாத ஆளா? அப்ப ஒரு விதத்துல நல்லது, எந்தக் குலத்தோடயும் சண்டை வராது” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் இரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்தது இந்தச் சிரிப்புக்குத்தானா என்று எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

என் கல்யாணக் கறுப்புக் குடையைப் பரணிலிருந்து எடுத்துக் கோடு போட்ட தலைப்பாகைத் துணியைச் சுற்றினோம். மாப்பிள்ளை பக்கத்து ஆளாக நிற்க யாரும் இல்லாததால் லெங் கையில் குடையைக் கொடுத்து நிறுத்தினோம். “தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்த வெளியூர்க்காரன் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோடா” என்றாள் அக்கா. பாவம், அவனால் முடியவில்லை, குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அம்மா வழிச்சாப்பாடு கட்டினாள், வேகவைத்த கோழியும் சோறும், பெண்ணுக்குக் கட்டுகிற மாதிரியே. உன் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து முறத்தில் வைத்தேன். இனி வழி சொல்ல வேண்டும். வழி தெரியாமல் உயிர் எங்கே போகும். தோங் வரைக்கும் நான் சொன்னேன், சியாங் ராய், பாங்காக், விமான நிலையம் வரைக்கும் சொன்னேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மகள் ஆறு வருஷமாக இருக்கிற ஊரின் பெயர்கூட எனக்குச் சரியாக வரவில்லை. அப்போது உன் அம்மா, ஊர் நடுவில் வாயைத் திறக்காத உன் அம்மா, பின்கட்டிலிருந்து வந்து ரேடியோப் பெட்டிபோல ஒப்பித்தாள். விமானத்தில் இறங்கி ரயில், ரயிலில் இறங்கினால் கால்வாய், கால்வாயை ஒட்டியே நடந்தால் ரொட்டிக்கடை, அதற்கு எதிரில் மூன்றாவது மாடி, படிக்கட்டுக்குக் கீழே இரண்டு சைக்கிள், கதவு நீலம். “கதவைத் திறக்கிறவர் பேர் சாண்டர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அக்கா என்னிடம் திரும்பி, நீ சொல்லு என்றாள். நான் வாசற்படியில் நின்று சொன்னேன், காவ் நூ, இது உன் அப்பா வீடு, உன் வீடு நீலக் கதவு வீடு, உன்னைச் சாண்டருக்குக் கொடுத்தேன், போ அம்மா, திரும்பிப் பார்க்காதே. அவ்வளவுதான் வாக்கியம். முதல் இரண்டு தடவை பாதியிலேயே நின்று, மூன்றாவது தடவைதான் முழுதாக வந்தது.

அக்கா கொம்புகளைப் போட்டாள். சரியாக விழவில்லை. மறுபடி போட்டாள், மறுபடியும் இல்லை. ஐந்தாறு தடவை ஆயிற்று. கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவள் என் பக்கம் திரும்பி, “போக மாட்டேங்குது. எதையோ பிடிச்சு வெச்சிருக்கே நீ. எடு” என்றாள். ஊரே என்னைப் பார்த்தது. என் கை சட்டைப்பைக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது, உன் சட்டையின் இடது கையில் கட்டியிருந்த வெள்ளை நூலை நான் அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து. எல்லாவற்றையும் கொடுக்கிறோமே, ஒரு நூல்தானே, இருக்கட்டும் என்று. மன்னிப்புக் கேட்கிற அன்றைக்கே மறுபடியும் திருடியிருக்கிறேன். எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என்னை அவள் திட்டவில்லை. கொம்புகளைப் போட்டாள், விழுந்தன. லெங் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, அம்மா சட்டையையும் சோற்றுப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் போய்விட்டு வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன், பெண்ணின் அப்பன் கூடப் போகக் கூடாதே. கட்டிலுக்கு அடியில் இருக்கிற மண்ணையும் மூடிவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். “அது, அவ செத்தப்புறம் தேடிட்டு வர்ற இடம்டா. அதுக்கு இன்னும் எண்பது வருஷம் இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கட்டும், நீ அதை எட்டி எட்டிப் பார்க்காம இரு” என்றாள்.

நீ படித்தவள். குழந்தை பெற்ற பெண்களுக்கு இப்படி வருவது உண்டு, உடம்பில் சுரப்பது ஏறி இறங்குவதால் வருகிறது என்று டாக்டர் சொன்னதாக அம்மாவிடம் சொன்னாயாம். அப்படியே இருக்கட்டும். அந்த மாத்திரையை ஒருநாளும் விடாதே, வியாழக்கிழமை பேசப் போகிறாயே அந்த டாக்டரம்மா, அவளிடமும் போ, எதையும் மறைக்காமல் சொல்லு, அப்பன் இப்படி ஒரு காரியம் செய்தான் என்பதையும் வேண்டுமானால் சொல்லு. ப்லியா அக்காவும் இதையேதான் சொன்னாள், நான் உயிரைப் பார்க்கிறேன், உடம்பைப் பார்க்கிறவர்கள் உடம்பைப் பார்க்கட்டும் என்றாள். ஆனால் டாக்டர் சொல்வதுதான் காரணம் என்றாலும் நான் செய்தது செய்ததுதான். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று கேட்டு எனக்குப் பயம் வந்தது, உன்னை அங்கிருந்து பிடுங்கப் பார்த்தேன். அதற்கு எந்த மாத்திரையும் சாக்கு ஆகாது. அப்பாவை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிடுவாய், உன் சுபாவம் அது. உடனே சொல்லாதே. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லு, தோன்றவே இல்லை என்றாலும் நான் கேட்க மாட்டேன்.

இனி அந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் கொடுத்தாயிற்று, அவர்கள் வாங்க வேண்டும். சேவல் வேண்டும். கடையில் உரித்து வைத்திருப்பது செல்லாது, உயிரோடு இருக்க வேண்டும், சிறகு இருக்க வேண்டும். மூன்றாவது மாடியில் சேவலுக்கு எங்கே போவது என்று கேட்காதே, உன் மாமியார் ரப்பர் பூட்சு போட்டுக்கொண்டு கோழிகளுக்கு நடுவில் நிற்கிற போட்டோவை நீ அனுப்பினாயே, அதை அம்மா எனக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள், இப்போதுதான் பார்த்தேன். நல்ல திடமான சேவல் ஒன்று அவள் காலடியில் நிற்கிறது. அது போதும். நீ நீலக் கதவுக்கு வெளியே நில், குழந்தையையும் வைத்துக்கொள். மாமியார் சேவலை உன் தலைக்கு மேல் சுற்றிவிட்டு, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லட்டும். நம் பாஷை வேண்டாம், அவள் பாஷையிலேயே சொல்லட்டும், அந்த வீட்டுத் தெய்வங்களுக்கு அவள் பாஷைதானே புரியும். சேவலை அறுக்கவும் வேண்டாம், திருப்பி விட்டுவிடலாம், அக்காவைக் கேட்டுவிட்டேன். பிறகு வலதுகாலா இடதுகாலா என்று யோசிக்காமல் உள்ளே போ.

இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருப்பது, உனக்கு அனுப்பச் சொல்லி அக்கா திருப்பிக் கொடுத்த அந்த வெள்ளை நூல்தான். அதை மாப்பிள்ளை தன் கையால் உன் மணிக்கட்டில் கட்ட வேண்டும், வேறு யாரும் கட்டக் கூடாது. மூன்று நாளாவது கையில் இருக்கட்டும். பொட்டலத்தில் பத்தியக் கோழிக்குப் போடுகிற பச்சிலையை அம்மா காயவைத்து அனுப்பியிருக்கிறாள், நாலு மாசம் கழித்துத் தின்றால் என்ன, தின்னு. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, காலுக்கு உறை போட்டுக்கொள். மாப்பிள்ளைக்கும் ஒன்று இருக்கிறது. நம் வழக்கப்படி முதல் குழந்தை பிறந்ததும் மாமனார்தான் மருமகனுக்குப் பெரிய பெயர் வைக்க வேண்டும். வெறும் பாவ் ஆக இருந்த எனக்கு, லெங் பிறந்ததும், சோங் என்ற பெயரை உன் அம்மாவின் அப்பாதான் முன்னால் சேர்த்துக் கொடுத்தார், அன்றிலிருந்துதான் என்னை ஒரு ஆளாக ஊரில் மதித்தார்கள். நாலு மாசம் தாமதமாகிவிட்டது, அதற்கு அவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லு. அவருக்கு நியா என்று வைக்கிறேன், நியா சாண்டர். வெள்ளி என்று அர்த்தம் சொல்லு. ஸெங் சித்தப்பா ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்து, வாய்க்கு வருகிறது, பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

நம் வருஷப் பிறப்புக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. வீட்டு ஆட்களின் உயிரைக் கூப்பிட ஆளுக்கு ஒரு முட்டை வைப்போமே, நீ போனதிலிருந்து இந்த ஆறு வருஷமும் உனக்கும் சேர்த்து ஐந்து வைத்தேன். இந்த வருஷம் நாலுதான் வைப்பேன். அதைப் பற்றி நீ ஒன்றும் வருத்தப்படாதே, உனக்கான முட்டையை உன் வீட்டில் வை, உனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, நோராவுக்குச் சின்னதாக ஒன்று. நீ இங்கே வரும்போது விருந்தாளியாக வருவாய், வாசலிலேயே நிற்க வைத்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துத்தான் உள்ளே விடுவேன், அந்த மரியாதையும் உனக்கு உண்டு. குழந்தை நிறைய முடியோடும் நல்ல குரலோடும் வளரட்டும், உன் கை அவளைத் தூக்கும்போது அது உன் கையாகவே இருக்கட்டும், அந்த வீட்டு அடுப்பும் கதவும் உன்னைக் காப்பாற்றட்டும்.

மறக்காதே, உயிரோடு இருக்கிற சேவல். சுற்றி முடித்து உள்ளே போனதும் ஒரு போன் பண்ணு. இந்தத் தடவை போனை நான்தான் எடுப்பேன். வீட்டுக்கு வந்துட்டேன்ப்பா என்று மட்டும் சொல்லு. எந்த வீட்டுக்கு என்று நான் கேட்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவனும் கொடுத்தவனுமான அப்பா,
சோங் பாவ்